பூ வேண்டாம், நகை வேண்டாம்... சாதி மட்டும் வேணுமா? ஒரு கல்யாண வீட்டில் கிளம்பிய கேள்வி!

கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி. பாளையங்கோட்டையில் தோழியின் வீடு. முற்றத்தில் பெரிய எவர்சில்வர் தாம்பாளம் நிறைய, தோவாளையிலிருந்து வந்திறங்கிய பிச்சிப்பூ. வீடே மணக்கிறது. சண்டையும் அந்தத் தாம்பாளத்தைச் சுற்றித்தான்.

பெண் வீட்டார் நாலைந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். கோயில் மணி, கீர்த்தனை, பட்டுப்புடவை, தலை நிறையப் பூ என்று வாழ்ந்தவர்கள். (அங்கே வயதானவர்கள் யாரும் 'சர்ச்' என்று சொல்வதில்லை, 'கோயில்'தான்.) மாப்பிள்ளை வீட்டாரும் கிறிஸ்தவர்களே. பத்து வருடங்களுக்கு முன்பு ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்துவிட்டார்கள். அந்தச் சபையில் நகை கிடையாது, பூவும் கிடையாது.

"பொண்ணு பூ வைக்காம வந்தா எங்க சபைக்காரங்க சந்தோஷப்படுவாங்க" என்று மாப்பிள்ளையின் அத்தை தன்மையாகத்தான் சொன்னார். ஆச்சிக்கு வந்ததே கோபம்!

"பூவைக் கண்டா கர்த்தர் கோவிச்சுக்கிடுவாரோ? அவரு படைச்சதுதானே அது?"

"அப்படி இல்லம்மா... வேதத்துலயே போட்டிருக்கு."

"மனசு சுத்தமா இருந்தா போதாதாக்கும்?" இது பெரியம்மா.

அரை மணி நேரம் இப்படியே போனது. கையில் மருதாணி காயாமல் மூலையில் உட்கார்ந்திருந்த தோழி, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "ரெண்டு வீடும் ஒரே சாதியான்னு பார்த்துத்தானே பேசி முடிச்சீங்க? அன்னிக்கு ஏன் யாருமே வேதத்தைத் திறக்கல?"

முற்றத்தில் சத்தமே இல்லை. ஒரு சித்தி எழுந்து, "எல்லாருக்கும் காபி போடவா?" என்றார்.

நான் கிறிஸ்தவப் பெண் இல்லை. கல்யாணத்தை வேடிக்கை பார்க்கப் போனவள். ஆனால் சென்னைக்குத் திரும்பும் ரயிலில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 'மனசு சுத்தமா இருந்தா போதும்' என்கிற பெரியம்மா சரியா? 'வேதத்துல போட்டிருக்கு' என்கிற அத்தை சரியா? வேதாகமத்தையும் நம் ஊர்த் திருச்சபை வரலாற்றையும் சில வாரங்கள் புரட்டிக்கொண்டிருந்தேன். நினைத்ததைவிடப் பெரிய கதையாக இருக்கிறது.

அந்த வசனம் என்னதான் சொல்கிறது?

அத்தை சொன்னது பொய் இல்லை. புதிய ஏற்பாட்டில் பேதுரு எழுதிய முதல் நிருபத்தின் 3-ம் அதிகாரத்தில் பெண்களின் அலங்காரம் பற்றி வருகிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 2-ம் அதிகாரத்திலும் கிட்டத்தட்ட அதே பேச்சு. பேதுருவின் வரிகள் மூன்று விஷயங்களைச் சொல்கின்றன: சடை பின்னுவது, பொன்னாபரணம் அணிவது, உடை உடுத்துவது. உன் அழகு இந்த வெளிப்பூச்சில் இருக்க வேண்டாம், உள்ளத்தில் மறைந்திருக்கும் அமைதியான குணத்தில் இருக்கட்டும் என்பது அதன் பொருள்.

இப்போது கொஞ்சம் யோசியுங்கள். இதை அப்படியே சட்டமாக எடுத்தால் நகையோடு சேர்த்துச் சடையையும் விட வேண்டும். உடையையும்கூட! அதை யாரும் செய்வதில்லை. நகை வேண்டாம் என்கிற சபைகளிலும் அழகாகச் சடை பின்னிக்கொண்டுதான் வருகிறார்கள். பூவைப் பற்றி அந்த வரிகளில் ஒரு வார்த்தை இல்லை. உள்ளத்தைப் பார் என்று சொல்ல வந்த ஒரு வசனம், கழுத்தைப் பார், கொண்டையைப் பார் என்று அளக்கிற ஸ்கேலாகிவிட்டது.

அதற்காக நகையைக் கழற்றியவர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளையின் அத்தையிடம் மறுநாள் தனியாகப் பேசினேன். அவர் கழற்றியது பயத்தால் இல்லை. சபையில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, கழுத்தில் என்ன போடுவது என்ற கவலை இல்லாத முதல் இடம் அதுதான் என்றார். "அடகுக்கடை வாசலை மிதிச்சு எட்டு வருஷமாச்சும்மா" என்று சிரித்தார். அவருக்கு அந்த விதி விடுதலை. பதினாறு வயதுப் பெண்ணைக் காதுக் கம்மலுக்காகக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துத் திட்டினால், அதே விதி அவளுக்கு வேறு ஒன்று.

புதினாவும் சீரகமும்

இயேசுவே இந்தச் சண்டையில் மாட்டியவர்தான். மாற்கு 7-ம் அதிகாரத்தில் அவருடைய சீடர்கள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள். இன்றைய சுகாதாரப் பிரச்னை இல்லை அது. முன்னோர் வகுத்த சடங்குச் சுத்தம். மத அறிஞர்கள் குற்றம் சொல்கிறார்கள். வாய்க்குள் போகிற சாப்பாடு மனிதனைத் தீட்டாக்குவதில்லை, உள்ளத்திலிருந்து வெளியே வருகிற திருட்டும் பேராசையும் வஞ்சகமும்தான் தீட்டாக்குகின்றன என்பது அவர் பதில்.

மத்தேயு 23-ல் இன்னும் காரம். சமையலறைச் சாமான்களில்கூடப் பத்தில் ஒரு பங்கைக் கணக்காக எண்ணிக் கடவுளுக்குக் கொடுக்கிறவர்களைப் பார்த்துப் பேசுகிறார். புதினா, சீரகம் அளவுக்கு இறங்கிவந்து கணக்குப் பார்க்கிறீர்கள். நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்று கேட்கிறார். (பழைய தமிழ் வேதாகமத்தில் புதினாவுக்கு 'ஒற்தலாம்' என்று இருக்கும். ஆச்சியிடம் கேட்டேன், அவருக்கும் அது என்ன கீரை என்று தெரியவில்லை!)

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சீரகக் கணக்கை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. அதையும் விடாதே, இதைக் கட்டாயம் செய் என்கிறார். அதாவது, வெளி ஆசாரம் மொத்தமும் குப்பை என்பது அவர் வாதம் இல்லை. எது கனமானது, எது லேசானது என்று தெரியாமல் போவதுதான் பிரச்னை.

கத்தோலிக்கர்களின் தவக்காலம் திருநீற்றுப் புதனோடு தொடங்குகிறது. முந்தைய வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் பூசுவார்கள். அன்றைக்குக் கோயிலில் வாசிக்கிற நற்செய்தி எது தெரியுமா? நோன்பு இருக்கும்போது ஊருக்குத் தெரியாதபடி முகத்தைக் கழுவிக்கொள் என்கிற பகுதி. உடையைக் கிழிக்காதே, உள்ளத்தைக் கிழி என்று யோவேல் தீர்க்கதரிசி சொன்னதும் அன்றைய வாசகம்தான். சாம்பலையும் பூசிவிட்டு, 'இதைக் காட்டிக்கொண்டு திரியாதே' என்றும் ஒரே பூசையில் சொல்கிறார்கள். முரண்பாடுதான். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஒரு பந்தியில் எழுந்து போன பேதுரு

இயேசுவுக்குப் பிறகு, யூதர்கள் அல்லாதவர்களும் கிறிஸ்தவர்கள் ஆனார்கள். அவர்கள் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டுமா, யூதர்களின் உணவு விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டுமா? இதற்காகவே கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிப் பேசினார்கள். விருத்தசேதனம் தேவையில்லை என்று முடிவானது. சிலைகளுக்குப் படைத்தது, இரத்தம் போன்ற சிலவற்றை மட்டும் விலக்கச் சொன்னார்கள்.

அந்தியோக்கியா நகரத்தில் நடந்த இன்னொரு சம்பவத்தைப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். அங்கே பேதுரு, யூதர் அல்லாதவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தார்கள். 'அவர்கள் என்ன நினைப்பார்களோ' என்று பேதுரு மெதுவாக அந்தப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள், பர்னபா உட்பட. பவுல் விட்டாரா? எல்லார் முன்னாலும் பேதுருவை முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார்.

விசுவாசம் உள்ளே இருந்தால் போதும் என்றால், பேதுருவின் உள்ளத்தில் அது இல்லாமலா இருந்தது? இருந்தது. ஆனாலும் அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது பவுலுக்கு முக்கியமாகப் பட்டது. இதைப் படித்தபோதுதான் தோழியின் கேள்வி எனக்கு முழுதாகப் புரிந்தது. பந்தியும் சம்பந்தமும் பூவைப்போல வெளி விஷயம் இல்லை.

தாலிக்கும் தடை வந்தது!

நம் ஊருக்கு வருவோம். 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, காவி உடுத்தினார், மரக்கறி சாப்பிட்டார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். அதுவரை கிறிஸ்தவர் ஆவதென்றால் பரங்கி ஆவது என்றுதான் மக்கள் நினைத்திருந்தார்கள். நொபிலியோ, குடுமி, பூணூல், சந்தனம் எல்லாம் சமூக அடையாளங்கள், அவற்றை வைத்துக்கொண்டே கிறிஸ்துவை ஏற்கலாம் என்றார். சக பாதிரியார்களே எதிர்த்தார்கள். விவகாரம் ரோம் வரை போய், 1623-ல் போப் 15-ம் கிரகோரி அனுமதி கொடுத்தார்.

எண்பது வருடம் கழித்துக் காற்று மாறியது. போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த டூர்னோன், 1704-ல் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பழக்கங்களைப் பட்டியலிட்டு ஆணை போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. நெற்றியில் நீறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கக் கூடாது.

அந்தப் பட்டியலில் வேறு இரண்டும் இருந்தன. மாதவிலக்கு நாள்களில் பெண்களைக் கோயிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரவிடாமல் தடுக்கக் கூடாது. தலித் கிறிஸ்தவர் ஒருவர் நோயில் கிடந்தால், பாதிரியார் அவர் வீட்டுக்குள் போய் அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும்.

தாலியில் பிள்ளையார் இருக்கலாமா என்பதும், சாகக் கிடக்கிறவர் வீட்டு வாசலைத் தாண்டலாமா என்பதும் ஒரே ஆணையில், ஒரே குரலில்! இதில் பாதிரியார்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது அந்த வாசலைத் தாண்டுவதுதான். தாண்டினால் மேல்சாதிக்காரர்கள் தங்களைச் சேர்க்க மாட்டார்கள் என்ற பயம்.

(டூர்னோனுக்கு இருந்த பட்டப்பெயர் 'அந்தியோக்கியாவின் பிதாப்பிதா'. பேதுரு பந்தியிலிருந்து எழுந்து போன அதே அந்தியோக்கியா!)

ராஜநாயக்கனின் கைகள்

நான் தேடியதில் மனதை விட்டுப் போகாதவர் ஒருவர் உண்டு. பெயர் ராஜநாயக்கன்.

1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்குவைப் பள்ளியில் படித்திருப்போம். தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சடித்தவர். அவர் வந்த பின்னணி கொஞ்சம் தெரிந்தால்தான் அடுத்த கதை புரியும். அப்போது ஜெர்மனியில் ஓர் இயக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதும் சரியான கோட்பாட்டை ஒப்பிப்பதும் மட்டும் பக்தி ஆகாது, உள்ளம் மாற வேண்டும், ஒவ்வொருவரும் தானே வேதத்தைப் படிக்க வேண்டும் என்று சொன்ன இயக்கம். ஹாலே நகரம் அதன் மையம். சீகன்பால்கு அங்கிருந்து வந்தவர். 'உள்ளார்ந்த விசுவாசம்' என்ற பேச்சைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் என்றே சொல்லலாம்.

அதற்குச் சரியான உதாரணம் ராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர். கத்தோலிக்கர், தலித். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. யாரும் பிரசங்கம் செய்து அவரை மாற்றவில்லை, படித்தே மாறினார். படை வேலையை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார். ஊர் ஊராகப் போனார். ஹாலேக்காரர்கள் கனவு கண்ட மாதிரியான விசுவாசி.

1733-ல் தரங்கம்பாடியில் ஆரோன் என்ற கடலூர்க்காரர் போதகராக அபிஷேகம் பெற்றார். இந்தியாவின் முதல் சீர்திருத்தத் திருச்சபைப் போதகர். வேளாளர். அடுத்தவர் யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கனின் பெயர் அடிபட்டது. உழைப்பில் குறை இல்லை, பக்தியில் குறை இல்லை. ஆனால் அவர் கையால் நற்கருணை வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-ல் அபிஷேகம் தியாகு என்பவருக்குப் போனது. ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்து இறந்தார்.

உள்ளம் போதும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள்தான், அந்த உள்ளம் இருந்த மனிதரின் கை போதாது என்று முடிவு செய்தார்கள். கெட்டவர்கள் இல்லை அவர்கள். சபை உடைந்துவிடக் கூடாதே என்று பார்த்தார்கள். பேதுருவும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

பாட்டுக்காரரின் பட்டியல்

கதை இன்னொரு முறை திரும்புகிறது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், 1774-ல் பிறந்தவர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர். (நாவல் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, இவர் வேறு.) இவருடைய கீர்த்தனைகள் பாடாத சபை தமிழ்நாட்டில் குறைவு, தோழியின் ஆச்சிக்கு ஒரு டஜன் மனப்பாடம்.

1820-களில் தஞ்சைக்குப் புதிய மிஷனரிகள் வந்து பல மாற்றங்களைக் கொண்டுவந்தார்கள். சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் எதிர்த்து எழுதினார்கள். அவர்களின் மனக்குறைகள் இவை: பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் பூ கூடாது என்கிறார்கள், கோயிலில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் தடுக்கிறார்கள், எல்லாச் சாதிக்காரர்களையும் ஒன்றாக உட்கார்ந்து நற்கருணை வாங்கச் சொல்கிறார்கள்.

முதல் மூன்றையும் படிக்கும்போது நான் சாஸ்திரியார் கட்சி. பூவைப் பிடுங்கவும் பாட்டை நிறுத்தவும் இவர்கள் யார்? நாலாவதில் தூக்கிவாரிப்போட்டது. சாதி என்பது உலக வழக்கம், வெளி ஆசாரம். விசுவாசம் உள்ளே இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது அவர்கள் வாதம். 'மனசு சுத்தமா இருந்தா போதாதாக்கும்' என்று பெரியம்மா சொன்னாரே, அதே வாதம். பூவைக் காப்பாற்ற அது நல்ல வாதம். சாதியைக் காப்பாற்றவும் அது அவ்வளவு வசதியாக இருந்தது.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதியை உடனடியாக முழுமையாக விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் ஏராளமானவர்கள் சபையை விட்டே வெளியேறினார்கள். பூவுக்காக அவர்கள் வெளியேறவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டு நூற்றாண்டு ஓடிவிட்டது. திருச்சி மேலப்புதூரில், தலித் கத்தோலிக்கர்களின் கல்லறைகளையும் மற்றவர்களின் கல்லறைகளையும் பிரிக்கும் சுவர் பற்றிப் பல முறை செய்தி வந்திருக்கிறது. போராட்டங்களும் நடந்திருக்கின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். எந்தத் திருமணத் தகவல் தளத்தையும் திறந்து 'கிறிஸ்தவர்' என்று தேர்வு செய்து பாருங்கள். அடுத்த பெட்டியில் அது என்ன கேட்கிறது என்று நீங்களே பார்க்கலாம்.

பிச்சிப்பூ என்ன ஆனது?

கல்யாணத்தன்று காலை தோழி தலையில் பூ இல்லாமல்தான் கோயிலுக்குள் போனாள். யாரும் வற்புறுத்தவில்லை. "அந்த அத்தை நல்லா இருக்காங்க, அவங்களுக்காக" என்றாள். அவள் பின்னால் வந்த ஆச்சியின் கொண்டையைச் சுற்றி மூன்று முழம் இருந்தது, தாம்பாளத்தில் மீந்ததையெல்லாம் வைத்துக்கொண்ட மாதிரி. சாப்பாட்டுப் பந்தியில் ஆச்சியும் அத்தையும் பக்கத்துப் பக்கத்து இலை. பாயசம் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி ஒருவருக்கொருவர் வற்புறுத்திக்கொண்டிருந்தார்கள்.

இதை எழுதுவதற்கு முன்பு தோழிக்கு போன் செய்தேன். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னாள். பூப் பிரச்னை இப்போது இல்லையாம். மாமியார் வீட்டுக்குப் போனால் வைப்பதில்லை, அம்மா வீட்டுக்கு வந்தால் வைத்துக்கொள்கிறாள்.

"இப்ப வேற ஒண்ணு ஓடிட்டிருக்கு. தங்கச்சி ஆபீஸ்ல ஒருத்தரைப் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டா. அவங்களும் கிறிஸ்டியன்தான், எங்க சபைதான். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"பெரியம்மா என்ன சொல்றாங்க?"

"ஜெபம் பண்ணிச் சொல்றேன்னாங்க. ரெண்டு வாரமா ஜெபம் பண்ணிட்டிருக்காங்க."

"ஆச்சி?"

"ஆச்சி அந்தப் பையன் போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லியிருக்கு."